4294967297: பகா எண் போலவே நிற்கும் ஒரு பகு எண்

#1 எண்விரும்பி

பெரிய முழு எண் ஒன்றைக் கொடுத்தால் அதன் குணங்களை வரிசையாகச் சொல்லும் சின்ன நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். இலக்கங்களின் கூடுதல், காரணிகள், வகுத்திகளின் கூடுதல், இரும வடிவம், இந்த மாதிரி. மற்ற எண்களுக்கெல்லாம் ஒழுங்காக ஓடியது, 4294967297 கொடுத்தபோதுதான் சிக்கல் வந்தது. நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு.

முதல் தடவை நிரல் இதை வெறும் 1 என்று எடுத்துக்கொண்டது. 64 பிட் மாறிக்கு மாற்றியதும் அது சரியாகிவிட்டது. அப்புறம் பகா எண்ணா என்று பார்க்க ஃபெர்மாவின் சிறு தேற்றத்தை வைத்து ஒரு சோதனை எழுதியிருந்தேன்: 2ஐ, எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வருகிறதா? வந்தது. நிரலும் "பகா எண்" என்று அச்சடித்தது. ஆனால் அதே நிரலின் காரணிப் பகுதி 641 × 6700417 என்கிறது. கையால் பெருக்கிப் பார்த்தேன், 641 பக்கம்தான் உண்மை.

மற்ற விவரங்களையும் போட்டுவிடுகிறேன். இலக்கக் கூடுதல் 59. வகுத்திகள் நான்கே நான்கு (1, 641, 6700417, எண்ணே). அவற்றின் கூடுதல் 4301668356. இதோடு பொதுக்காரணி இல்லாத, இதைவிடச் சிறிய எண்கள் 4288266240.

இரண்டு கேள்விகள். சோதனை ஏன் ஏமாந்தது? 3, 7, 11 என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போகாமல் 641ஐ எட்டிப் பிடிக்க வழி இருக்கிறதா?

#2 இருமவாசி

முதலில் அந்த 1 பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் எண் 2³² + 1. இருமத்தில் எழுதினால் ஒரு 1, நடுவில் 31 பூச்சியங்கள், கடைசியில் ஒரு 1, மொத்தம் 33 இலக்கங்கள். 32 பிட் இடத்தில் 4294967295 வரைதான் கொள்ளும். இடதுகோடி 1 வெளியே விழுந்துவிட்டால் மிஞ்சுவது வலதுகோடி 1 மட்டும்தானே.

இருமத்தில் இன்னொன்றும் பார்க்கலாம். 641 என்பது 512 + 128 + 1, அதாவது 1010000001. 6700417 என்பது 11001100011110110000001. 641ஆல் பெருக்குவது என்றால் இந்த நீள வரியை அப்படியே ஒரு தடவை, 7 இடம் தள்ளி ஒரு தடவை, 9 இடம் தள்ளி ஒரு தடவை எழுதிக் கூட்டுவது. கட்டம் போட்ட தாளில் கூட்டிப் பாருங்கள். வலமிருந்து எட்டாவது கட்டத்தில் முதன்முதலாக "மனதில் 1" வரும், அதற்குப் பிறகு ஓயவே ஓயாது. கட்டத்துக்குக் கட்டம் பூச்சியமாக விழுந்துகொண்டே போய் 33ஆவது கட்டத்தில்தான் அந்த 1 வந்து இறங்கும். முதல் தடவை அதைச் செய்தபோது எங்கோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பவும் ஆரம்பித்தேன், அத்தனை பூச்சியங்கள்.

#3 பழையகணக்கு

நண்பரே, உங்கள் நிரல் ஏமாந்ததில் வருத்தப்பட ஒன்றுமில்லை, இந்த எண்ணில் ஃபெர்மாவே ஏமாந்திருக்கிறார்.

2ஐ 1, 2, 4, 8, 16 என்ற அடுக்குகளுக்கு உயர்த்தி ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்துமே பகா எண்கள். இதே வரிசையில் எல்லா எண்களும் பகா எண்களாகத்தான் இருக்கும் என்று ஃபெர்மா 1640இல் கடிதங்களில் எழுதினார். நிறுவல் கையில் இல்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டிருந்தார், நம்பிக்கைதான் பலமாக இருந்தது. வரிசையில் அடுத்தது 2³² + 1, உங்கள் எண். வரிசையைப் பூச்சியத்திலிருந்து எண்ணுவது வழக்கம், அதனால் 3 பூச்சியமாவது ஃபெர்மா எண், 65537 நான்காவது, இது ஐந்தாவது. கோல்ட்பாக் 1729இல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் ஃபெர்மாவின் இந்தக் கூற்று தெரியுமா என்று கேட்டார். 1732இல் ஆய்லர் 641ஐக் கண்டுபிடித்தார். ஆக அந்தக் கூற்று கிட்டத்தட்ட 92 வருஷம் நின்றிருக்கிறது.

சோதனை ஏன் ஏமாந்தது என்பது இரண்டு வரிதான். எண் 2³² + 1 என்பதால், இதனால் வகுக்கும்போது 2³²இன் மீதி −1 (அதாவது எண்ணுக்கு ஒன்று குறைவு). அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴இன் மீதி 1. நீங்கள் சோதிக்கும் அடுக்கு, எண்ணுக்கு ஒன்று குறைவு, அதாவது 2³². அது 64இன் மடங்கு. ஆகவே மீதி 1 வந்தே தீரும், எண் பகா எண்ணா பகு எண்ணா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எல்லா ஃபெர்மா எண்களும் இந்தச் சோதனையில் இப்படியே தேறிவிடும். அடி எண்ணாக 2ஐ எடுத்ததுதான் கோளாறு.

#4 மீதிஒன்று

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

4294967297ஐ வகுக்கும் பகா எண் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதை ப என்போம். ப ஆல் வகுத்தால் 2³²இன் மீதி −1, 2⁶⁴இன் மீதி 1. 1, 2, 4, 8 என்று அடுக்கை ஏற்றிக்கொண்டே போகும்போது மீதி 1 முதன்முதலில் வருவது எந்த அடுக்கில்? அந்த அடுக்கு 64ஐ வகுக்க வேண்டும். 32 அல்லது அதைவிடச் சிறியதாக இருந்தால் 2³²இன் மீதியும் 1 ஆகியிருக்கும், ஆனால் அது −1. அப்படியானால் 64தான், வேறு வழியே இல்லை. இப்போது சிறு தேற்றம் வருகிறது: 2இன் (ப − 1)ஆம் அடுக்குக்கும் மீதி 1. எனவே ப − 1 என்பது 64இன் மடங்கு. அதாவது ப = 64க + 1.

இதன் பலன் என்னவென்று பாருங்கள். எண்ணின் வர்க்கமூலம் 65536ஐ ஒரு மயிரிழை தாண்டுகிறது, அதுவரை 6542 பகா எண்கள் இருக்கின்றன. வரிசையாக வகுத்தால் 641க்கு வர 116 வகுத்தல் வேண்டும், ஏனென்றால் அது 116ஆவது பகா எண். ஆனால் 64க + 1 வடிவில் பார்த்தால் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே கதவு திறந்துவிடுகிறது!

ஆய்லரும் வகுத்திகளுக்கு இந்த வடிவம்தான் என்பதைப் பிற்பாடு நிறுவிக் காட்டினார். சிறு தேற்றம் ஃபெர்மாவுடையதே, அதுவும் அதே 1640இல் கடிதத்தில் எழுதியது. அவர் கையிலேயே சாவி இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொஞ்சம் கனக்கும்.

#5 எண்விரும்பி

அந்த ஐந்தையும் நிரல் இல்லாமல் கையால் போட்டுப் பார்த்தேன். முழு எண்ணையும் வகுக்கத் தேவையில்லை என்பது பாதியில்தான் உறைத்தது. 65536ஐ வகுத்து மீதியை எடுத்து, அதை வர்க்கப்படுத்தித் திரும்ப வகுத்து, 1 கூட்டினால் போதும்.

193: 65536இன் மீதி 109. 109² = 11881, மீதி 108. ஒன்று கூட்டினால் 109.
257: மீதி 1, வர்க்கமும் 1, ஒன்று கூட்டினால் 2.
449: மீதி 431, அதாவது −18. வர்க்கம் 324. ஒன்று கூட்டினால் 325.
577: மீதி 335, வர்க்கம் 112225, மீதி 287. ஒன்று கூட்டினால் 288.
641: மீதி 154. 154² = 23716. 641 × 37 = 23717.

கடைசி வரியை எழுதிவிட்டுச் சற்று நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 23716, 23717. ஒன்றே ஒன்று குறைவு, அந்த ஒன்றை நிரப்பத்தான் 2³² + 1இல் அந்த +1 இருக்கிறது.

#6 மீதிஒன்று

அருமை. 257க்கு மீதி 2 வந்ததைக் கவனித்தீர்களா, அது தற்செயல் இல்லை. 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295, உங்கள் எண்ணுக்குச் சரியாக இரண்டு குறைவு. அதனால் முந்தைய ஃபெர்மா எண் எதனால் வகுத்தாலும் மீதி 2தான் வரும், எனவே அவை எதுவும் இதற்குக் காரணி ஆகவே முடியாது.

இன்னொரு படி இறங்கலாம். 1878இல் லூக்கா காட்டியது: காரணி 64க + 1 மட்டுமல்ல, 128க + 1 வடிவிலேயே இருக்கும். 2²⁴ − 2⁸ என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது 16776960. அதை வர்க்கப்படுத்தினால் 2⁴⁸ − 2 × 2³² + 2¹⁶. 2³²க்குப் பதில் −1 போடுங்கள்: முதல் உறுப்பு −2¹⁶ ஆகிறது, நடு உறுப்பு +2 ஆகிறது, கடைசி உறுப்பு 2¹⁶. மிஞ்சுவது வெறும் 2. அதாவது இந்த எண்ணின் உலகத்தில் 2க்கு ஒரு முழு எண் வர்க்கமூலம் இருக்கிறது! 2க்கு 64ஆம் அடுக்கில் மீதி 1 வந்தது என்றால் அதன் வர்க்கமூலத்துக்கு 128ஆம் அடுக்கில் வரும், எனவே ப − 1 என்பது 128இன் மடங்கு.

இப்போது பட்டியல் 129, 257, 385, 513, 641. பகா எண்கள் இரண்டே இரண்டு, 257உம் 641உம். 257 ஆகாது என்று மேலேயே பார்த்துவிட்டோம். அப்படியானால் சோதிக்க வேண்டிய முதல் எண்ணே 641தான்.

#7 ஏன்என்றுகேள்

எனக்கு ஒரு சங்கடம். 641 விடை என்று தெரிந்த பிறகு அதற்கு வழி போட்டுக் காட்டுவது சுலபம் இல்லையா? 6700417 பகா எண் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள், அதற்கு யாரும் ஆதாரம் காட்டவில்லை. அதையும் வகுத்துப் பார்க்கத்தானே வேண்டும், 2588 வரை.

#8 மீதிஒன்று

நியாயமான கேள்வி. ஆனால் அதற்கும் அதே வலைதான் உதவுகிறது. 6700417ஐ வகுக்கும் எதுவும் மூல எண்ணையும் வகுக்கும், எனவே அதுவும் 128க + 1 வடிவில்தான் இருக்க வேண்டும். 2588க்குள் அந்த வடிவில் உள்ள பகா எண்களை எடுத்தால் 257 போக 641, 769, 1153, 1409. மற்றவை எல்லாம் 3, 5, 7, 11, 13, 17, 29 என்று ஏதாவது ஒன்றால் உடைந்துவிடும் (1537 = 29 × 53 மட்டும் ஒரு நிமிடம் யோசிக்க வைக்கும்). நான்கையும் வகுத்தால் மீதிகள் முறையே 44, 120, 334, 622. முடிந்தது, 6700417 பகா எண். நான்கு வகுத்தலில் எழுபது லட்சத்தை நெருங்கும் ஓர் எண்ணைப் பகா எண் என்று அடித்துச் சொல்ல முடிகிறது, இதையும் முன்பே விடை தெரிந்ததால் வந்த சுலபம் என்று சொல்ல முடியாது.

#9 ஏன்என்றுகேள்

ஒப்புக்கொள்கிறேன், நான்கையும் போட்டுப் பார்த்துவிட்டேன், மீதிகள் சரி. நன்றி.

#10 பழையகணக்கு

641 இதை வகுக்கும் என்பதை எதையும் வகுக்காமலே காட்டும் வழி ஒன்று இருக்கிறது, அதையும் இங்கே பதிந்துவைக்கிறேன். 641ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 2⁷ + 1, 5⁴ + 2⁴. (640 + 1, 625 + 16.)

முதல் வடிவம் சொல்வது: 641ஆல் வகுத்தால் 5 × 2⁷இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்துங்கள், 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாம் வடிவம் சொல்வது: 5⁴ என்பதும் −2⁴ என்பதும் ஒரே மீதி. பதிலிட்டால் −2³²இன் மீதி 1. அவ்வளவுதான், 2³² + 1 முழுசாக வகுபடுகிறது. யாருக்காவது இந்த எண்ணை அறிமுகப்படுத்தும்போது நான் முதலில் காட்டுவது இதைத்தான், தாள்கூட வேண்டாம்.

லண்டனுக்குப் போய் மனக்கணக்கு செய்துகாட்டிய ஸெரா கோல்பர்ன் என்ற சிறுவனிடம் இந்த எண்ணைக் கொடுத்தபோது 641 என்று மனதிலேயே சொன்னதாகப் பதிவு இருக்கிறது. 1804இல் பிறந்த பையன். எந்த வழியில் போயிருப்பான் என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

#11 சதுரத்தேடி

யாரும் வர்க்கங்கள் பக்கம் போகவில்லையே, நான் போகிறேன். கொஞ்சம் நீளும்.

4294967297 = 65536² + 1² என்பது பார்த்தவுடன் தெரியும். 4ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண் ஒவ்வொன்றையும் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். ஆகவே இரண்டாவது விதம் ஒன்று அகப்பட்டால் எண் பகு எண் என்று அங்கேயே தீர்ந்துவிடும். இதோ:

62264² + 20449² = 3876805696 + 418161601 = 4294967297

இங்கே 20449 என்பதே 143இன் வர்க்கம், அதனால் இந்த எண்ணை ஒரு வர்க்கமும் ஒரு நான்காம் அடுக்கும் சேர்ந்த கூடுதல் என்றும் சொல்லலாம் (65536உம் அப்படித்தான் என்பதை மறக்க வேண்டாம்).

இரண்டு விதங்கள் கையில் இருந்தால் காரணிகளையும் கறந்துவிடலாம், ஆய்லரின் வழி இது. 65536² − 62264² = 20449² − 1². இரண்டு பக்கத்தையும் வித்தியாசம் × கூடுதலாக எழுதினால்

3272 × 127800 = 20448 × 20450

3272க்கும் 20448க்கும் மீ.பொ.வ. 8. அதை எடுத்துவிட்டால் 409, 2556. மறுபக்கம் 127800க்கும் 20450க்கும் மீ.பொ.வ. 50, எடுத்துவிட்டால் 2556, 409. திரும்ப அதே ஜோடி! இப்போது 8இலும் 50இலும் பாதியை எடுங்கள், 4, 25. 4² + 25² = 16 + 625 = 641. 409² + 2556² = 167281 + 6533136 = 6700417. காரணிகள் இரண்டும் தாமாகவே வந்து நின்றுவிட்டன, எங்கேயும் வகுத்துத் தேடவில்லை.

பழையகணக்கு சொன்ன 5⁴ + 2⁴ இருக்கிறதே, அது வேறு எதுவும் இல்லை, இதே 25² + 4²தான். சிலசமயம் ஒரே உண்மை இரண்டு வாசல் வழியாக வந்து நம்மைக் கூப்பிடும், இந்த எண்ணில் அது அடிக்கடி நடக்கிறது.

#12 எண்விரும்பி

இதைப் படித்துவிட்டு வேறு வேலை ஓடவில்லை. 10225, 10224 வருகிறதே, அதுவும் ஒன்று வித்தியாசம்தானா? 25 × 409 = 10225, 4 × 2556 = 10224.

#13 சதுரத்தேடி

ஆமாம், அந்த 1தான் 65536² + 1²இல் இருக்கும் 1. 25 × 2556 + 4 × 409 = 63900 + 1636 = 65536, 10225 − 10224 = 1. குறிகளை மாற்றிப் போட்டால் 63900 − 1636 = 62264, 10225 + 10224 = 20449. இரண்டாவது விதம் இப்படித்தான் பிறக்கிறது.

#14 ஏன்என்றுகேள்

நானும் ஏதாவது கொண்டுவரலாமே என்று 1/641ஐத் தசமத்தில் எடுத்துப் பார்க்க நினைத்தேன். 641 பகா எண் என்பதால் 640 இலக்கங்களுக்கு ஒரு தடவைதான் திரும்ப வரும் என்று கணக்குப் போட்டேன், 7க்கு ஆறு இலக்கம் வருவதைப் போல. அவ்வளவு நீளம் எழுத முடியாது என்று விட்டுவிட்டேன்.

#15 மீதிஒன்று

விட்டிருக்க வேண்டாம், 32 இலக்கம்தான்! 640 என்பது மேல்வரம்பு, உண்மையான சுழற்சி அதன் வகுத்திகளில் எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். இங்கே ஏன் 32 என்றால், 641இன் உலகத்தில் 5 × 2⁷ என்பது −1, இருபுறமும் 2ஆல் பெருக்கினால் 10 × 2⁷ என்பது −2, எனவே 10 × 2⁶ என்பது −1. −1க்குப் பதில் 2³² போட்டால் 10 என்பது 2²⁶. 2இன் சுற்று (மீதி 1 முதன்முதலில் வரும் அடுக்கு) 64 என்று தெரியும், 26 இரட்டைப்படை, ஆனால் 4ஆல் வகுபடாது, ஆகவே 10இன் சுற்று 64இல் சரிபாதி.

1/641 = 0.0015600624024960 9984399375975039 ...

நடுவில் இடைவெளி விட்டிருக்கிறேன். முன்பாதி 16 இலக்கங்களையும் பின்பாதி 16 இலக்கங்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டுங்கள். 0க்குக் கீழே 9, 1க்குக் கீழே 8, 5க்குக் கீழே 4 என்று பதினாறும் 9ஆக வரும். நீளவகுத்தலில் பாதி தூரம் போனதும் மீதி 640, அதாவது −1, அங்கிருந்து எல்லாம் கவிழ்ந்து வருகிறது. 2³²இல் நடந்ததுதான் இங்கே 10¹⁶இல் நடக்கிறது.

#16 ஏன்என்றுகேள்

இப்போது உட்கார்ந்து வகுத்தேன். 100000இல் 641 × 156 = 99996 போக மீதி 4 வந்தது, அதற்கப்புறம் எல்லாம் ஓட்டம்தான். 32 இலக்கம் சரி. என் தவறைத் திருத்தியதற்கு நன்றி.

#17 இருமவாசி

எண்விரும்பி, நிரலில் அடி எண்ணை 2இலிருந்து 3க்கு மாற்றுங்கள். ஃபெர்மா எண்களுக்கு என்றே 1877இல் பெபின் தந்த சோதனை இருக்கிறது: 3ஐ, எண்ணில் ஒன்றைக் குறைத்து அதில் பாதி எடுத்த அடுக்குக்கு உயர்த்தினால் மீதி −1 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண், நடுவில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. உங்களுக்கு அந்த அடுக்கு 2³¹, அதாவது 3ஐ 31 தடவை வர்க்கப்படுத்த வேண்டும். வரும் மீதி 10324303. −1 இல்லை.

இதை 641ஆல் மட்டும் வகுத்துக் கையாலும் சரிபார்க்கலாம். 3இல் ஆரம்பித்து ஒவ்வொரு தடவையும் வர்க்கப்படுத்தி மீதி எடுங்கள்: 3, 9, 81, 151, 366, 628, 169, 357, 531, 562, 472, 357. ஏழாவது வர்க்கத்தில் வந்த 357 பதினொன்றாவதில் திரும்ப வந்துவிட்டது, இனி நான்குக்கு ஒரு தடவை அதுதான். 31இலிருந்து 7ஐக் கழித்தால் 24, நான்கின் மடங்கு, எனவே 31ஆவதும் 357. 10324303ஐ 641ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 357 வரும்.

#18 கவராயம்

தாமதமாக வருகிறேன். 17 பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரையலாம் என்று காஸ் 1796இல் காட்டினாரே, ஃபெர்மா எண்களுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று படித்திருக்கிறேன். அப்படியானால் 4294967297 பக்கப் பலகோணத்தையும் வரையலாம், இல்லையா?

#19 பழையகணக்கு

பகா எண்ணாக இருந்திருந்தால் வரையலாம். இப்போது முடியாது. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும், வேறு எதுவும் ஆகாது (முடியாது என்ற பக்கத்தை நிறுவியவர் வான்ட்ஸெல், 1837). 641 ஃபெர்மா பகா எண் இல்லை, கதை அங்கேயே முடிந்துவிட்டது.

ஆனால் இரண்டு கீழே இறங்கிப் பாருங்கள். 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. ஐந்தும் ஃபெர்மா பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரு தடவை. இந்தப் பக்க எண்ணிக்கை கொண்ட பலகோணத்தை வரைய முடியும்! இன்றுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் இந்த ஐந்துதான், ஆகவே வரைய முடியும் என்று நமக்குத் தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்கள் 31, அவற்றில் மிகப் பெரியது இது. அது வரையக்கூடியவற்றின் உச்சி, இரண்டு தள்ளி நிற்பது வரையவே முடியாதது. 32 பிட் இடத்தில் கொள்ளும் மிகப் பெரிய எண்ணும் 4294967295தான் என்பதை இருமவாசி மேலே சொன்னார், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

#20 கவராயம்

வான்ட்ஸெல் பெயரைக் கேள்விப்பட்டதில்லை, தேடிப் படிக்கிறேன். ஐந்துக்கு மேல் வேறு ஃபெர்மா பகா எண் கிடைக்கவே இல்லையா?

#21 பழையகணக்கு

ஒன்றுகூட இல்லை. ஐந்தாவதிலிருந்து 32ஆவது வரை எல்லாம் பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது, 33ஆவது என்ன என்று இன்னும் யாருக்கும் தெரியாது. பகு எண் என்று தெரிவது வேறு, காரணி தெரிவது வேறு. 20ஆவதும் 24ஆவதும் பகு எண்கள் என்று நிறுவியாயிற்று, ஆனால் அவற்றின் காரணி ஒன்றுகூட அகப்படவில்லை. முழுசாகக் காரணிப்படுத்தியது 11ஆவது வரைதான். ஆறாவதை 1880இல் லாண்ட்ரி கையாலேயே உடைத்தார், 274177 × 67280421310721. ஏழாவதற்கு 39 இலக்கம், அது 1970இல் கணினியில்தான் உடைந்தது.

#22 எண்விரும்பி

நிரலை மாற்றிவிட்டேன். அடி எண் 3, மீதி 10324303, "பகு எண்" என்று சரியாகச் சொல்கிறது. 128க + 1 வடிவத்தையும் ஃபெர்மா எண்களுக்கென்று தனியாகச் சேர்த்துவிட்டேன், இப்போது முதல் முயற்சியிலேயே 641.

அப்புறம் பழையகணக்கு ஐயா எழுதியதைப் பார்த்ததும் ஆறாவதைக் கையால் சரிபார்க்க ஆசை வந்தது. அது 2⁶⁴ + 1 = 18446744073709551617, 20 இலக்கம். அதன் காரணிகள் 256க + 1 வடிவில் வர வேண்டும், 274177 = 256 × 1071 + 1, சரி. லாண்ட்ரி அந்த 1071க்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது, நான் விடை தெரிந்து சரிபார்க்கிறவன்தான். 2³², அதாவது 4294967296ஐ 274177ஆல் வகுத்தேன். ஈவு 15664, மீதி 258768. பெரிய மீதியாக இருக்கிறதே என்று 274177இலிருந்து கழித்தால் 15409. ஆக 2³² இங்கே −15409. வர்க்கம்:

15409² = 237437281
274177 × 866 = 237437282

#23 மீதிஒன்று

திரும்பவும் அந்த ஒன்று!